தகரம் விலை இறங்கும்வரை

“இது அநியாயம், அம்மா. பகல் கொள்ளை!”

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார். கீழே ஊரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மலையடிவாரக் குடிலில் தனியாக இருக்கும் இந்தக் குருவிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் பாடம் கேட்க வருவார். குரு அவரைவிட வயதில் இளைய பெண். ஆனாலும் வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

குரு முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யார் கொள்ளையடிச்சது, முதலாளி?”

“தகர வேலை செய்யுத இசக்கிதான். கூரை ஓரத்துல மழைத் தண்ணி வடிய ஒரு வாய்க்கால் அடிச்சு மாட்டச் சொன்னேன். ஒரு வெலை சொன்னான். சரின்னேன். மறுவாரம் போனா, அதே வாய்க்காலுக்கு ஒண்ணரை மடங்கு கேக்கான்!”

“ஏனாம்?”

“கடல் தாண்டி எங்கேயோ ஒரு துத்தநாகச் சுரங்கத்தை மூடிட்டாங்களாம். தகரம் துருப்பிடிக்காம இருக்க மேல பூசுறது அதைத்தானே? அது ஏறினா தகடு ஏறுமாம். தகடு ஏறினா வாய்க்கால் ஏறுமாம். அவன் கொட்டகையில கெடக்கது போன மாசம் வாங்கின தகடு, அம்மா! சுரங்கத்தை மூடினது அந்தத் தகட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நல்ல கேள்விதான். குருவே சிரித்துவிட்டார்.

“உங்க கடைப் பித்தளைக் குடத்துக்கெல்லாம் ஒடனே தெரிஞ்சிருதே!”

“அது வேற, இது வேற.”

கோபமாக இருப்பவருக்கு எல்லாமே வேறு வேறாகத்தான் தெரியும்.

“நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். வெலை எறங்குத வரைக்கும் வாங்க மாட்டேன். பணம் இல்லாம இல்ல. அநியாயத்துக்குத் தலையாட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா, சொன்னேன்.”

“அப்போ நான் செஞ்சது சரிதானே?”

குரு ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

“ஏற்கெனவே ஒரு வாய்க்கால் இருந்துச்சே. அது என்ன ஆச்சு?”

“அதைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டேன். பழைய இரும்புக்கு இப்ப நல்ல வெலை.”

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

“நேத்து மழை பெய்ஞ்சுதே. உங்க கூரைத் தண்ணி எங்க விழுந்துச்சு?”

“சந்துலதான்.”

“சந்துக்கு அந்தப் பக்கம் யார் வீடு?”

“மாடத்தி வீடு. பீடி சுத்துறவ.”

“என்ன சுவர்?”

“மண் சுவர்.” குற்றாலிங்கத்தின் குரல் இறங்கியது. உடனே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டார். “காலையிலேயே வாசல்ல வந்து நின்னு கத்திட்டுப் போறா. சுவர் ஊறி ஒரு பாளம் பேர்ந்து விழுந்துட்டாம். மக பிரசவத்துக்கு வந்தவ, பச்சைப் பிள்ளையோட அந்தச் சுவரோரத்துலதான் படுத்திருக்காளாம். ‘கொஞ்ச நாள் பொறு தாயி, நான் ஒரு அநியாயத்தை எதிர்த்து நிக்கேன்’னு தன்மையா எடுத்துச் சொன்னேன். புரிஞ்சுக்கவே மாட்டேங்கா.”

குருவின் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் அவர் கோபப்பட்டுக் குற்றாலிங்கம் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

குரு திட்டவில்லை. எழுந்து வெளியே போனார்.

குடிலின் ஓட்டுக் கூரை ஓரத்திலும் ஒரு தகர வாய்க்கால் இருந்தது. போன வருடம் குற்றாலிங்கம் தன் செலவில் மாட்டிக் கொடுத்தது. அதற்கு முன்பு மழை பெய்தால் தாழ்வான வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். குரு பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை நின்றுகொண்டிருப்பார். அதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்காமல்தான் குற்றாலிங்கம் மாட்டிக் கொடுத்தார்.

குரு ஏணியைச் சாய்த்து ஏறினார். வாய்க்காலைப் பிடித்திருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“அம்மா! என்ன செய்யுதீங்க?”

“கீழ நின்னு பிடிங்க.”

நீளமான தகரம் குற்றாலிங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. மலைக்கு மேலே வானம் நன்றாகக் கறுத்திருந்தது.

“வண்டியில கட்டிக் கொண்டுபோங்க. மழைக்கு முந்தி உங்க கூரையில மாட்டிருங்க.”

“வேண்டாம்மா. நான் இசக்கிகிட்டயே போறேன். அவன் கேட்ட வெலையையே…”

“ஏன் கொடுக்கணும்? அது அநியாய வெலைதான். நீங்க வெலை எறங்குத வரைக்கும் பொறுங்க.”

முதல் துளி தகரத்தில் விழுந்து சத்தமிட்டது. குற்றாலிங்கம் குடிலின் தாழ்ந்த வாசற்படியைப் பார்த்தார். உள்ளே விரித்திருந்த பாயைப் பார்த்தார்.

“அப்போ நீங்க? தண்ணி உள்ள வந்துருமே, அம்மா!”

“வரும். வெலை எறங்குத வரைக்கும் யாராவது நனைஞ்சுதானே ஆகணும்?”

குரு ஏணியிலிருந்து இறங்கி அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

“என்கிட்ட நானே கேட்டுக்கிட்டேன். சம்மதம்னு சொல்லிட்டேன். அந்தப் பச்சைப் பிள்ளைகிட்ட நீங்க கேட்டீங்களா?”