பத்து மாத அட்வான்ஸ்

வேதகிரி மின்வாரியத்தில் ரிட்டயரானவர். வந்த பணத்தையெல்லாம் கொட்டி மாடியில் ஒரு போர்ஷன் கட்டியிருந்தார். முதல் தடவையாக வீட்டு ஓனர் ஆகப்போகிற தோரணையோடு ஆசிரமத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். சாமி அவரைவிட இருபது வயது சின்னவர். அதனாலென்ன, குரு குருதான்.

"சாமி, மாடிக்கு ஒரு நர்ஸம்மா குடிவர்றாங்க. அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?"

"ஊர்ல எவ்வளவு வாங்குறாங்க?"

"பத்து மாச வாடகை. காலி பண்ணினா, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் திருப்பித் தருவாங்க."

"அதுவரைக்கும் அந்தப் பணம்?"

"டைல்ஸ், கிரில் கேட்டுன்னு எனக்கும் செலவு இருக்கே சாமி!"

சாமி தலையாட்டினார். "இந்தப் பாயில உட்காருங்க. ஸ்கூட்டர் சாவியை இப்படிக் கொடுங்க."

"எதுக்கு?"

"எங்க பாயைக் கிழிச்சிட்டீங்கன்னா?"

குரு விளையாடுகிறார் என்று நினைத்து வேதகிரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். பேச்சுக்கு நடுவில் சாமி ஒரு தரம் சமையல்கட்டுப் பக்கம் போய் வந்தார்.

திடீரென்று மழை கொட்டியது. போன் அடித்தது. வேதகிரியின் மகள், ஒரு மாசக் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றாள். ஒரு ஆட்டோகூட இல்லையாம்.

வேதகிரி பதறி எழுந்தார். "சாமி, சாவி!"

"சமையல்காரர்கிட்ட இருக்கு."

வாசலில் ஸ்கூட்டரைக் காணோம்.

"என் வண்டி எங்கே?"

"அரிசி வாங்கப் போயிருக்கு. எங்களுக்கும் செலவு இருக்கே!"

"அய்யோ! எப்ப வரும்?"

"தெரியாது. அடுத்து யாராவது வண்டியில வருவாங்க. அந்தச் சாவியை வாங்கித் தர்றேன்."

இத்தனை வருஷமாகக் கும்பிட்ட மனுஷனா இவர்!

"அது என் வண்டி சாமி! உங்களை நம்பித்தானே கொடுத்தேன்!"

"உங்க வண்டிதான். நான் இல்லேன்னா சொன்னேன்?"

வேதகிரி மழையில் இறங்கி ஓடினார். கேட்டைத் தாண்டுவதற்குள் சமையல்காரர் மூட்டையோடு எதிரே வந்து இறங்கினார். வேதகிரி சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி வண்டியைக் கிளப்பினார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிக் கத்தினார்.

"அப்ப எவ்வளவுதான் வாங்கட்டும்?"

சாமி கேட் வரை நனைந்தபடி வந்தார்.

"காலி பண்றேன்னு அந்தம்மா வந்து நிக்கிற அன்னிக்கு, உங்க கையில எவ்வளவு இருக்கும்? அவ்வளவு."