பாறைக் கதையும் செம்போத்தின் 'ம்' சத்தமும்

தாழைக்காட்டுக் குளக்கரையில் செங்கண்ணி என்றொரு செம்போத்துப் பறவை இருந்தது. கதைக்கு 'ம்' கொட்டுவதுதான் அதற்கு வேலை. 'ம்' கொட்ட ஆளில்லாமல் எந்தக் கதை நகரும்? அதுவும் செங்கண்ணியின் 'ம்' கலப்படமில்லாத 'ம்'. அடுத்து என்ன ஆயிற்று என்று உள்ளுக்குள் அரித்தால்தான் அதன் தொண்டை திறக்கும். அதற்காகவே கதைசொல்லிகள் மலையேறி இறங்கி அந்தக் குளத்தைத் தேடி வந்தார்கள்.

குளத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. 'ம்' வந்துகொண்டிருக்கும் வரை கதையை நிறுத்தக் கூடாது; 'ம்' நின்றால் கதை முடிந்ததாகக் கணக்கு. கதை முடிகிற வரை கதைசொல்லி கரையைத் தாண்டக் கூடாது. சாப்பாடு மட்டும் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.

ஒரு பங்குனி மாதத்தில் இருளாண்டி என்ற கரடி வந்து சேர்ந்தது. அதனிடம் 'பாறையின் பெருமூச்சு' என்று ஒரு கதை இருந்தது. பக்கத்துக் காட்டு யானைகள் அந்தக் கதைக்குத் தாமரை மாலை போட்டிருந்தன. கரடி வந்து சேர்வதற்குள் மாலை போட்ட செய்தி வந்துவிட்டது. கரடி உட்கார்ந்து தொண்டையைச் செருமியதுமே, கதை கேட்கக் கூடியிருந்த கூட்டத்தில் முன்னால் இருந்த நரி, "ஆகா, காவியம்!" என்றது.

கதை இதுதான். ஒரு பாறை இருந்தது. மழை பெய்தது. பாறை நனைந்தது. வெயில் அடித்தது. பாறை காய்ந்தது. காய்ந்த பாறை ஒரு பெருமூச்சு விட்டது. மறுபடியும் மழை பெய்தது.

செங்கண்ணி வாயைத் திறந்து பார்த்தது. காற்றுதான் வந்தது. கூட்டமே அதைத் திரும்பிப் பார்த்தது. நரி மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தது.

"யானைங்களே மாலை போட்ட கதை இது. நீ 'ம்' கொட்டலைன்னா நம்ம குளத்துக்கே ரசனை இல்லைன்னு பேராயிடும். அப்புறம் எந்தக் கதைசொல்லி இந்தப் பக்கம் வருவான்?"

செங்கண்ணிக்குத் திக்கென்றது. கதைசொல்லி வராத குளத்தில் அதற்கு என்ன பிழைப்பு? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு 'ம்' கொட்டியது. வேப்பங்காயைக் கடித்தது போல இருந்தது. கரடி ஒரு கணம் தயங்கிவிட்டுக் கதையைத் தொடர்ந்தது.

அப்புறம் என்ன, 'ம்' வந்துகொண்டே இருந்தது, மழையும் பெய்துகொண்டே இருந்தது. தினமும் பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூடும். முயல்கள் கொட்டாவியைக் காதால் மறைத்துக்கொள்ளும். நரி தூங்கி விழும்போதெல்லாம் தலையாட்டி ரசிப்பதாகப் பேர் பண்ணிக்கொள்ளும். ஆமை மட்டும் ஓட்டுக்கு வெளியே கழுத்தை முழுசாக நீட்டி, கண்ணில் நீர் முட்டக் கேட்டது. எந்த இடம் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது என்று அது ஆசை ஆசையாய் விசாரித்தபோது, நரி "ஒரு இடமா, ரெண்டு இடமா" என்று நழுவிவிட்டது.

செங்கண்ணி இன்னொன்றையும் கவனித்தது. வருகிற சாப்பாட்டைச் சரியாகத் தொடாமல் கரடி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. கதை நடுவில் திடீரென்று நிறுத்தும். மூக்கைத் தூக்கி மலைப் பக்கம் திருப்பும். பிறகு பெருமூச்சு விடும். நரி உடனே, "பாறையாவே மாறிட்டாரு, என்ன ஆழமான நடிப்பு!" என்று உருகும். ஆழமாவது ஒன்றாவது! அந்த மூச்சு வயிற்றிலிருந்து வந்தது.

ஒருநாள் மலைக்காற்று இனிப்பாக வீசியது. கரடி பாறையை நனைய விட்டுவிட்டு வாய்க்குள் முணுமுணுத்தது.

"இந்நேரம் மலையில இலுப்பைப்பூ பாய் விரிச்ச மாதிரி உதிர்ந்து கிடக்கும்... போன வருஷம் அதைத் தின்னு மயங்கி நான் பண்ணின கூத்து இருக்கே..."

"ம்?" என்று செங்கண்ணியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் துள்ளி விழுந்தது.

யாரும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் வந்த 'ம்'. இத்தனை நாளாகக் கொட்டியதெல்லாம் வெறும் சத்தம் என்று செங்கண்ணிக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கரடியும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு பாறைக்கே திரும்பியது.

"மறுபடியும் மழை பெஞ்சது" என்றது.

செங்கண்ணி 'ம்' கொட்டவில்லை. நரி கண்ணை உருட்டியது.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றது செங்கண்ணி. "யானைங்களுக்குப் பிடிச்சிருக்கலாம். எனக்கு இந்தக் கதை முதல் நாள்ல இருந்தே பிடிக்கலை. பொய்யாத்தான் 'ம்' கொட்டினேன்."

கரடி எழுந்து நின்றது. அடிக்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது செங்கண்ணியின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தது.

"தாயி, இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? இந்தப் பாறை எனக்கே அலுத்துப்போய் ரொம்ப நாளாச்சு. மாலை போட்டுட்டாங்களேன்னு சுமந்துக்கிட்டுத் திரியறேன். நீ நிறுத்துவேன்னு நம்பித்தானே இந்தக் குளத்துக்கு வந்தேன்!"

செங்கண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஆமைதான் பாவம், முகம் வாடிப்போயிற்று.

"எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்தது" என்றது அது. "ஒரே இடத்துல கிடந்து நனைஞ்சு காயறது என் கதைதானே."

அது வாய்விட்டுக் கொட்டாத 'ம்'தான் உண்மையான 'ம்' என்று செங்கண்ணி உடனே கண்டுகொண்டது. ஆமைக்குத் தனியாக மீதிக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கரடியிடம் கேட்டுக்கொண்டது. இலுப்பை தீர்ந்ததும் வந்து, ஆமையின் வேகத்துக்கே சொல்வதாகக் கரடி சத்தியம் செய்தது.

ஆனால் கரடியை உடனே மலையேற செங்கண்ணி விடவில்லை. போன வருஷக் கூத்து என்ன என்று நச்சரித்தது. பூவைத் தின்ற மயக்கத்தில் ஒரு கறையான் புற்றைப் பெண்ணென்று நினைத்து, ஒரு பகல் முழுக்கச் சம்மதம் கேட்டுக் கெஞ்சிய கதையைக் கரடி அவிழ்த்துவிட்டது. செங்கண்ணியின் 'ம்' மூச்சுவிடாமல் ஓடியது. முயல்கள் உருண்டு புரண்டன. நரி எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டு, இதெல்லாம் தரமான கதையா என்று பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டது. கரடி இலுப்பை மரத்தைப் பார்த்து ஓடியே போயிற்று.

நீதி: ஊர் மெச்சுகிறதே என்று பிடிக்காததற்கு 'ஆகா' சொன்னால், கதை கேட்டவரோடு கதை சொன்னவரும் சேர்ந்தே கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.