திரும்பி நின்ன கூடாரம்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தான்னு ஆரம்பிக்கலாம்னு பார்த்தா, முடியல கண்ணு. ஏன்னா அவ ஒரு ஊர்லயே இல்ல. ஊர் ஊரா இருந்தா. இந்த மாசம் ஒரு ஊரு, அடுத்த மாசம் வேற ஊரு. அவ பேரு பவளம். சர்க்கஸ்ல குதிரை மேல நின்னுகிட்டே வட்டம் போடறவ. குதிரை டக் டக் டக் டக்குன்னு ஓடும். இவ அது முதுகுல ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு, ஏதோ வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி சாவகாசமா நிப்பா.

ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் குதிரை ஓடும்.

ம். ஆங், அப்படித்தான்.

அந்தக் குதிரைக்கு மிட்டாய்னு பேரு. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். வெல்லம்னா உயிர். பவளம் பாவாடை கட்டின நாள்லேர்ந்து அதுகூடத்தான் வளர்ந்தா. அவ பேசறது அதுக்குப் புரியும், அது காதை ஆட்டறது அவளுக்குப் புரியும்.

அப்புறம், அந்த சர்க்கஸ்ல ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கூடாரத்தை ஒரே மாதிரிதான் அடிப்பாங்க. ஜனங்க வர்ற வாசல் முன்னாடி. ஆட்டக்காரங்க வந்து போற சிவப்புத் திரை இடது மூலைல. திரைக்குப் பின்னாடி, அதே இடது பக்கம், குதிரைக் கொட்டகை. வலது பக்கம் சமையல். இது மாறவே மாறாது. அதனால அவங்களுக்குக் காலைல கண்ணு முழிச்சா எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியாது. ஆனா பல்லு விளக்கத் தண்ணி எங்க இருக்குன்னு தெரியும்.

இப்போ ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது. மிட்டாய்க்குக் கண்ணு தெரியாது.

முதல்ல தெரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பால் ஊத்தின மாதிரி ரெண்டு கண்ணும் வெளுத்துப்போச்சு. ஒரு நாள் பவளம் வெல்லத்தை அதோட கண்ணுக்கு நேரா நீட்டினா. அது சும்மா நின்னுச்சு. மூக்குகிட்ட கொண்டு போனதும் லபக்குன்னு வாங்கிடுச்சு. அப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. வட்டத்துக்குள்ள ஓடறதுக்கு அதுக்குக் கண்ணு வேணாம், வேலிப் பலகை விலாவுல உரசற மாதிரி ஓடிடும். வெளிய போறதுக்கும் வேணாம், எல்லா ஊர்லயும் ஒரே வழிதானே.

ஆனா பவளம் வாயைத் திறக்கல. ஏன் தெரியுமா? சர்க்கஸ் முதலாளி ராயப்பன், அவரை எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. ஊரை விட்டுக் கிளம்பறப்போ லாரிகிட்ட நின்னு ஒவ்வொரு மிருகத்தையும் அவர் பார்ப்பார். முன்னாடி ஒரு குதிரைக்குக் கால் மடங்கிப்போனப்போ, அதை அந்த ஊர்லயே ஒரு தோட்டக்காரர்கிட்ட விட்டுட்டு லாரி கிளம்பிடுச்சு. பவளம் பின்னாடி உட்கார்ந்து அழுதுகிட்டே போனா. மிட்டாயையும் அப்படி விட்டுட்டா? அதை நெனச்சாலே அவளுக்குச் சோறு இறங்காது.

மாஸ்டர் கையில எப்பவும் ஒரு சாட்டை இருக்கும். மிட்டாய் ஓடி முடிக்கற நேரத்துல, திரைப் பக்கத்துல நின்னுகிட்டு மண்ணுல ஒரு அடி அடிப்பார். சடீர்! குதிரை மேல ஒரு தடவைகூடப் பட்டதில்லை. ஆனாலும் பவளத்துக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. எதுக்கு இந்த வீறாப்புன்னு மனசுக்குள்ளயே கேட்டுக்குவா.

ம் சொன்னியா? சரி.

அப்போ ஒரு புது ஊருக்குப் போனாங்க. மைதானத்துல இறங்கினா, இடது பக்கம் பூரா குளம். தளும்பத் தளும்பத் தண்ணி. குதிரைக் கொட்டகைக்கு இடமே இல்ல. மாஸ்டர் மீசையை நீவிகிட்டு யோசிச்சார். அப்புறம் எல்லாத்தையும் மாத்தி அடிங்கடான்னுட்டார். திரை வலது மூலைக்குப் போச்சு. கொட்டகையும் வலது பக்கம் போச்சு. சமையல் சின்ன இடம்தானே, அது குளத்தங்கரைல இடது பக்கம் ஒட்டிகிச்சு. கண்ணாடில பார்த்தா உன் வலது கை இடது கையா தெரியுமே, அந்த மாதிரி கூடாரமே திரும்பி நின்னுடுச்சு.

அன்னிக்கு நடந்த கூத்தைக் கேளு. டிரம் வாசிக்கற சூசை மாமா தூக்கக் கலக்கத்துல முகம் கழுவப் போனார். தண்ணித் தொட்டின்னு நெனச்சு, கொள்ளு ஊற வெச்ச வாளியில முகத்தை முக்கிட்டார். சளக்! தாடியெல்லாம் கொள்ளு. சமைக்கற பக்கிரி அண்ணன் உப்பு எடுக்கத் திரும்பி, அங்க உட்கார்ந்திருந்த டிக்கெட் குடுக்கற அம்மா மடியில கையை விட்டுட்டார். அந்தம்மா விட்ட திட்டு குளத்துக்கு அக்கரை வரைக்கும் கேட்டுச்சு.

மிட்டாய் என்ன பண்ணுச்சு? குளிச்சு முடிச்சுட்டு, கொட்டகைக்குப் போறோம்னு நெனச்சு ஜோரா இடது பக்கம் நடந்துச்சு. நேரா சமையலுக்குள்ள. டமார்! ரசப் பானை உருண்டுச்சு. பவளம் ஓடிவந்து, ஈ கடிச்சு மிரண்டுடுச்சு அண்ணேன்னு பொய் சொன்னா. பக்கிரி அண்ணன் கோவக்காரர். ஆனா அன்னிக்கு அவர் கத்தல. குதிரையைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார், போகட்டும், மோர் ஊத்திக்கலாம்னுட்டார்.

சாயங்காலம் முதல் ஆட்டம். மிட்டாய் அழகா ஓடுச்சு. பவளம் அதோட முதுகுல நின்னு மேல தொங்கின பூவைப் பறிச்சா, வளையம் தாண்டினா. ஆட்டம் முடிஞ்சுது. மாஸ்டர் சாட்டையைச் சொடுக்கினார், சடீர்! மிட்டாய் பழைய இடது மூலைக்குத் திரும்புச்சு. அங்கே திரை இல்ல, கம்பம்தான் இருந்துச்சு. ணங்! பவளம் சறுக்கி, குதிரை கழுத்தைக் கட்டிகிட்டு தொங்கினா. ஜனங்க அதுவும் வேடிக்கைன்னு நெனச்சுக் கை தட்டினாங்க.

கம்பத்துப் பக்கத்துலயே நின்ன மாஸ்டர் சாட்டையைச் சுருட்டிகிட்டுப் போய்ட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு பவளத்துக்கு.

மறுநாள் அவ ஒரு யோசனை பண்ணினா. தன் கொலுசைக் கழட்டித் திரையில கட்டினா, சத்தம் கேட்டு மிட்டாய் வரட்டும்னு. ஆனா குளத்துக் காத்து இருக்கே, அது சும்மா இருக்குமா? ஜல் ஜல் ஜல்னு விடாம ஆட்டுச்சு. கூடாரம் பூரா கொலுசுச் சத்தம், சாட்டைச் சத்தம்கூட அதுல கலந்துபோச்சு. மிட்டாய் காதை இந்தப் பக்கம் திருப்புது, அந்தப் பக்கம் திருப்புது, எங்க போறதுன்னு தெரியல. பவளம் குதிச்சு இறங்கி, சிரிச்ச முகமா அதைப் பிடிச்சு நடத்திகிட்டுப் போனா.

அதுக்கு மறுநாள் வேற யோசனை. திரைக் கம்புல வெல்லத்தைத் தேய்ச்சு வெச்சா. அதை மிட்டாய்க்கு முன்னாடி யார் கண்டுபிடிச்சா சொல்லு? பந்து விளையாடற நாய்ங்க. ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு எல்லாம் வரிசையா நின்னு சளப் சளப்னு கம்பை நக்குதுங்க. அன்னிக்கும் அவதான் பிடிச்சு நடத்திகிட்டுப் போனா.

அப்புறம் கொட்டகைக்கு வந்து பார்த்தா, யாரோ ஒரு வெளியாள். தலைப்பாகை கட்டினவர். மிட்டாயோட காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறார். மாஸ்டர் பக்கத்துல நின்னு அவர்கிட்ட மெதுவா என்னமோ பேசறார். மிட்டாயையும் விட்டுட்டுப் போகப் போறாங்கன்னு பவளம் நெனச்சுட்டா. அவ மிட்டாய் காதுல, நாளைக்கு விடியறப்போ நானே உனக்குப் புது வழியை நடந்து நடந்து கத்துத் தர்றேன், எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டுப் படுத்தா.

ம்?

ம்னு சொல்லு, இன்னும் கொஞ்சம்தான்.

விடிஞ்சும் விடியாம எழுந்து கொட்டகைக்குப் போனா. கொட்டகை காலி. கயிறு மட்டும் கிடக்கு.

பவளம் ஓடினா. எங்க ஓடறோம்னு தெரியாம ஓடினா. மிட்டாயைக் கூட்டிகிட்டுப் போறவங்களைத் தடுக்கலாம்னு நெனச்சு, காலு பழகின இடது பக்கமே இழுத்துகிட்டுப் போய், குளத்தங்கரைல சேத்துல நின்னா. அப்போ கூடாரத்துக்குள்ளேர்ந்து ஒரு சத்தம்.

சடீர்!

துணியை விலக்கிப் பார்த்தா. காலி கூடாரம். நடுவுல மிட்டாய். வலது மூலைத் திரைகிட்ட மாஸ்டர். அவர் மண்ணுல சாட்டையை அடிக்கறார், மிட்டாய் ரெண்டு காதையும் நேரா அந்தப் பக்கம் திருப்புது. டொக், டொக், டொக்குன்னு நடந்து திரைக்குள்ள போகுது. அந்தப் பக்கம் கொட்டகை வாசல்ல நின்னு சூசை மாமா விரலால டிரம்மைத் தட்டறார், தும் தும். மிட்டாய் அங்க திரும்புது. பக்கிரி அண்ணன் கையில ஒரு வெல்ல உருண்டை. மறுபடியும் நடத்திக் கூட்டிட்டு வர்றாங்க, மறுபடியும் சடீர்.

பவளம் சேத்துக் காலோட போய் மாஸ்டர் முன்னாடி நின்னா. அவர்தான் கேட்டார்.

"சாட்டையை எதுக்கு அடிக்கறேன்னு நெனச்ச? வேடிக்கைக்கா?"

"உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"இதுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சப்பவே தெரியும். அன்னிக்குக் கம்பத்துல முட்டினது அதோட தப்பில்ல. நான்தான் பழக்கதோஷத்துல பழைய மூலைல போய் நின்னுட்டேன். சத்தம் வந்த பக்கம் அது சரியாத்தான் வந்துச்சு."

விடியறதுக்கு முன்னாடி மாஸ்டர் மத்தவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வந்தப்பத்தான் விஷயமே வெளிய வந்துச்சாம், இப்போ ஒவ்வொருத்தரா வாயைத் திறக்கறாங்க. பக்கிரி அண்ணன், தனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தாராம். மிட்டாய் ஓடற நேரம் பார்த்துத் தினமும் வத்தல் தாளிப்பாராம், வாசனையை வெச்சுச் சமையல் எந்தப் பக்கம்னு அது தெரிஞ்சுக்கட்டும்னு. சூசை மாமா, தனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சு, குதிரை திரும்பற இடத்துல எல்லாம் டிரம்மை மாத்தி அடிப்பாராம். எல்லாரும் மாஸ்டருக்குத் தெரியக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க. மாஸ்டர் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெச்சிருக்கார்.

என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு பவளம் கேட்டா.

"நீ மேல நிக்கறவ. நீ பயந்தா உன் காலு பயப்படும். உன் காலு பயந்தா குதிரைக்குத் தெரிஞ்சுரும்."

அப்போ அந்தத் தலைப்பாகைக்காரர்? அவர் லாடம் அடிக்கறவராம். கம்பத்துல முட்டினப்போ மிட்டாயோட லாடம் ஆடிப்போச்சாம், அதைப் பார்க்க வந்தவர். சரி, அந்தக் கால் மடங்கின குதிரையை மட்டும் ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னு பவளம் விடாமக் கேட்டா. மாஸ்டர் மெதுவாச் சொன்னார், அதால லாரியில நிக்க முடியலம்மா, நம்ம பயணம் முழுக்க நின்னுகிட்டே வரணும்ல, அதான் பச்சைப் புல்லு இருக்கற இடமாப் பார்த்து விட்டேன்னு. மிட்டாய்க்குக் காலு நல்லா இருக்கேன்னு அதோட முதுகைத் தட்டினார்.

பவளத்துக்கு அன்னிக்குத்தான் சோறு இறங்குச்சு.

ஆனா கதை இன்னும் முடியல. சாயங்காலம் ஆட்டம் இருக்கே.

அன்னிக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களெல்லாம் வந்திருக்காங்க. பவளம் மேல நின்னு சுத்தினா, பிள்ளைங்க கை தட்டினாங்க. தட்டினாங்கன்னா, நிறுத்தவே இல்ல. பட பட பட படன்னு மழை கொட்டற மாதிரி. ஆட்டம் முடிஞ்சுது. மாஸ்டர் சரியான மூலைல நின்னுதான் சாட்டையை அடிச்சார். ஆனா கேட்டாத்தானே? டிரம்மும் கேக்கல. மிட்டாய் வேகத்தைக் குறைச்சுது. காது ரெண்டும் தேடுது. பவளம் பாதத்துக்குக் கீழ அதோட முதுகு நடுங்குது.

பவளம் பயப்படல. மெதுவா உட்கார்ந்து, அதோட கழுத்துல கையை வெச்சு, இருடா மிட்டாய், அவங்க இருக்காங்கன்னு சொன்னா.

அப்போ சமையல் பக்கம் ஒரு சத்தம். சொய்ய்ய்ங்!

பக்கிரி அண்ணன் துணி இடுக்கு வழியா பார்த்துகிட்டே இருந்திருக்கார். ஒரு கூடை மொளகா வத்தலை அப்படியே கொதிக்கற எண்ணெயில கொட்டிட்டார். நெடி கிளம்புச்சு பாரு, கூடாரம் பூரா. முதல் வரிசைல ஒருத்தர், ஹச்! ரெண்டாவது வரிசை, ஹச் ஹச்! அப்புறம் ஊரே, ஹச்ச்ச்! மூக்கைப் பிடிக்கற கை எப்படித் தட்டும்? கை தட்டல் கப்புன்னு நின்னுச்சு. மிட்டாய் மட்டும் தும்மல. பழகின மூக்காச்சே.

தும்மலுக்கு நடுவுல கிடைச்ச அந்த இடைவெளியில மாஸ்டர் கண்ணுல தண்ணி வழிய சாட்டையை அடிச்சார்.

சடீர்!

மிட்டாய் தலையை நிமிர்த்திச்சு. டக் டக் டக் டக்குன்னு நேரா வலது மூலைக்கு ஓடி, சிவப்புத் திரைக்குள்ள பூ மாதிரி நுழைஞ்சுது. அதோட முதுகுல பவளம் மறுபடியும் எழுந்து, ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு நின்னா. ஜனங்க தும்மிகிட்டே எழுந்து நின்னாங்க.

அப்புறம் அந்த ஊரை விட்டுக் கிளம்பற நாள் வந்துச்சு. லாரியில பலகையைச் சாய்ச்சு வெச்சு, மாஸ்டர் ஒவ்வொண்ணா பார்த்து ஏத்தினார். மிட்டாய் முறை வந்துச்சு. அவர் பலகைப் பக்கத்துல சாட்டையை ரொம்ப மெதுவா, தூசிகூடக் கிளம்பாம, ஒரு தட்டு தட்டினார். டொக், டொக், டொக். மிட்டாய் ஏறிடுச்சு. பவளமும் ஏறி, அதோட கழுத்துல சாய்ஞ்சுகிட்டா.

அன்னியிலேர்ந்து அவங்ககிட்ட ஒரு புது வழக்கம் வந்துச்சு. எந்த ஊர்ல இறங்கினாலும், கூடாரத்துக்கு முதல் முளை அடிச்சதும் மிட்டாயைத்தான் இறக்குவாங்க. மாஸ்டர் ஒரு மூலைல சாட்டையோட, சூசை மாமா ஒரு மூலைல டிரம்மோட, பக்கிரி அண்ணன் ஒரு மூலைல வாணலியோட நிப்பாங்க. பவளம் முதுகுல உட்கார்ந்திருப்பா. மிட்டாய் சுத்திச் சுத்தி நடந்து அந்த ஊரைக் காதாலயும் மூக்காலயும் படிச்சுக்கும். அதுக்கப்புறம் கூடாரம் எந்தப் பக்கம் திரும்பி நின்னா என்ன?

ம்?

ம் காணோமே. சரி, குதிரை நின்னுடுச்சு. கூடாரத்தைச் சுருட்டியாச்சு, லாரியும் கிளம்பியாச்சு, கதையும் அதுல ஏறிப் போயாச்சு. நீ தூங்கு கண்ணு.