ஊர் பார்க்காத பெட்டி

“அந்தப் பெட்டிக்குள்ள தலையை விட்டவன் எவனும் வீடு திரும்பலியாம்க்கா.”

வெகு காலத்துக்கு முன்னால், காற்றைக் கேட்டுக்கொண்டு கப்பல்கள் கிளம்பிய நாளில், மணல்துறைச் சந்தையில் ஒரு மீன்காரி இன்னொருத்தியிடம் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற செவ்வந்தியின் காதில் அது விழுந்தது. பயணிகள் விட்டுப்போன பழம்பெட்டிகள் கிடக்கிற கிடங்குக்குத்தான் அவள் கணவன், படகோட்டி வைரவன், காலையில் போயிருந்தான். பழம்பெட்டி வாங்குகிற அந்த ஊர்க்காரர்கள் முதலில் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பூசணம் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார்கள்.

செவ்வந்தி ஓடினாள்.

கிடங்கின் நடுவில் ஒரு பெட்டி. பித்தளை மூலைகள், தோல் வார், மேலெல்லாம் ஊர் ஊராக ஒட்டிய சீட்டுகள். திறந்தாள். உள்ளே மடித்த துணிகள் மூன்று: பட்டு அங்கவஸ்திரம், கம்பளிச் சால்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சைக்கரை வேட்டி. நேற்று அவள் துவைத்துப் போட்ட வேட்டி. அது மெல்ல மூச்சு விட்டது. அங்கவஸ்திரத்தின் ஓரத்தை ஓர் அந்துப்பூச்சி கடித்துக்கொண்டிருந்தது.

“உள்ளே வா, ஊர் காட்டுகிறேன்” என்றது பெட்டி. தாழம்பூ மணத்தது. அவள் பிறந்த ஊரின் ஓடைக்கரையில் வீசும் அதே மணம். செவ்வந்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“உள்ளே வா, ஊர் காட்டுகிறேன்.” நெல் அவிகிற வாசனை விரலிடுக்கில் நுழைந்தது. கால் தானாக உயர்ந்தது.

“உள்ளே வா, ஊர் காட்டுகிறேன்.” கல்யாணத்தன்று தலையில் வைத்த மருக்கொழுந்து. ஒரு கால் பெட்டிக்குள் போயேவிட்டது. ஆனால் எதையும் கேட்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“இரு. இத்தனை ஊர் போயிருக்கியே, எது ரொம்ப அழகு?”

பெட்டி மருக்கொழுந்தை இன்னும் பலமாக வீசியது.

“கடலாவது எப்படி இருந்துச்சு?”

“கப்பலின் அடித்தட்டில் போட்டிருந்தார்கள். மூடித்தான் வைத்திருந்தார்கள்” என்றது பெட்டி. “என் எஜமான் மந்திரவாதி. மூடியில் மந்திரத்தை வைத்துவிட்டுப் போனான். எனக்கு வாசனை மட்டும்தான் தெரியும். ஊரைப் பார்த்தவர்கள் உள்ளே இருந்தால் சொல்வார்களே என்று பார்த்தேன்.”

“சொன்னாங்களா?”

“துணியாகிவிடுகிறார்கள்.”

“நல்லா கேட்டே போ. அவங்களை விடு. கடலை நான் காட்டுறேன்.”

“மூடி கழன்றால்தான் விட முடியும். மூடியில்லாத பெட்டியை எவன் சீண்டுவான்?”

“எங்க வீட்டுக்காரர் ஓட்டைப் படகையே விடாம வச்சிருக்கார். உன்னையா விடப் போறார்?”

பெட்டியின் வாசனை மெல்ல அடங்கியது. அந்துப்பூச்சி அங்கவஸ்திரத்தை விட்டு வேட்டிக்குத் தாவியது. செவ்வந்தி காலை வெளியே இழுத்து, கொண்டையூசியைக் கையில் எடுத்தாள்.

“இடது கீலில் ஆணி கொஞ்சம் துரு” என்றது பெட்டி.

இடது கீலில் தொடங்கி, மூடியைப் பிடித்திருந்த மூன்று ஆணிகளையும் நெம்பினாள். மூடி விழுந்தது. தும்மிக்கொண்டே மூன்று பேர் எழுந்து நின்றார்கள். தோளில் ஓட்டை விழுந்த அங்கவஸ்திரத்தோடு ஒரு செட்டியார், “யாரம்மா என்னை மடிச்சது?” என்று கேட்டார். சால்வைக்காரர் வாசலைப் பார்த்து ஓடினார்.

வைரவன் குனிந்து பெட்டியை மறுபடி முகர்ந்து பார்த்தான்.

“பூசணம் இல்லை” என்றான்.

அதைத் தோளில் தூக்கிப் போய், படகின் முன்பக்கத்தில், வாய் கடலைப் பார்க்கச் சாய்த்துக் கட்டினான். செவ்வந்தி துடுப்பை எடுத்துப் படகைக் கரையிலிருந்து தள்ளினாள்.