பச்சைப் பட்டன்

"இந்தப் பட்டனைச் சரி பண்ண முடியுமுங்களா, முடியாதுங்களா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் சென்னியப்பன்.

மஞ்சுளா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கழட்டுங்ணா."

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். மூன்றிலும் ஒரே பாட்டு. பதினாலு வருஷத்துப் பழைய வண்டி, ஸ்டீரிங்கில் போன் எடுக்கும் பட்டன் தனியாக வராது, ஸ்டீரிங்கையே மாற்று. கடைசியில் யாரோ ஒருவர், சிங்காநல்லூரில் டீச்சர் இருக்கிறாள், அவளிடம் போ என்றார்.

டீச்சர் என்ற இந்த மஞ்சுளா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள். வண்டிக்காரனை உட்காரவைத்து அவன் கையாலேயே வேலை வாங்குவாள் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. சென்னியப்பனைவிட இருபது வயது சின்னவள்.

"நான் பம்ப்செட் விக்கறவனுங்க. எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது."

"உங்க வண்டி. உங்க கை."

"அப்புறம் நீங்க எதுக்கு?"

"பக்கத்துல நிக்க."

பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். பத்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னாள்.

"சும்மாவா?"

"ஏர்பேக்ல மிச்சமிருக்கற கரண்ட் இறங்கணுங்ணா. அதுக்கு முன்னால கை வெச்சா மூஞ்சியில வெடிக்கும்."

சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. இரண்டாவது நிமிஷமே வாயைத் திறந்துவிட்டார்.

"சம்சாரம் கோவிச்சுக்கிட்டுத் தாராபுரத்துல தம்பி ஊட்டுக்குப் போயிட்டாளுங்க. பத்தொன்பது நாளாச்சு. நான் வண்டியில போறப்ப அவ கூப்பிட்டா எடுக்கறதே இல்லையாமா. பட்டன் வேலை செய்யலைன்னா நான் என்னங்க பண்றது?"

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"பட்டனைச் சரி பண்ணீட்டுச் சொல்லுங்க, நானே கூப்பிடறேன். எடுத்தீங்கன்னா அன்னிக்கே பஸ் ஏறறேன், எடுக்கலைன்னா இங்கயே இருந்துக்கறேன்னு ஒரே போடா போட்டுட்டாளுங்க."

கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. ஹோட்டல் இட்லி தின்று வயிறு கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. நிஜமாகவே அங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயந்துபோயிருந்தார்.

மஞ்சுளா ஸ்டீரிங்கைக் குனிந்து பார்த்தாள். போனுக்கென்று இரண்டு பட்டன். எடுப்பதற்குப் பச்சை, கட் பண்ணுவதற்குச் சிவப்பு.

"இந்தச் சிவப்புல படத்தையே காணோமே?"

"தேஞ்சு போச்சுங்க. அது கெடக்கட்டும், அது வேலை செய்யுது."

"பச்சை புதுசு கணக்கா இருக்குது."

"அதுதான் வேலை செய்யறதில்லை. அமுக்குனா அமுங்கவே மாட்டேங்குது."

"கடைசியா எப்ப அமுக்குனீங்க?"

சென்னியப்பன் யோசித்தார்.

"அதெல்லாம் யாருங்க கணக்கு வெச்சா? நாளுக்கு நாப்பது டீலர் கூப்பிடறான். அத்தனை பேருக்கும் பதில் சொல்லீட்டு ரோட்டைப் பாக்க முடியுமுங்களா?"

"நான் டீலரைக் கேக்கலைங்ணா. கழட்டுங்க."

கழற்றினார். ஒரு திருகாணியை மூன்று தரம் கீழே போட்டார். மூன்று தரமும் சீட்டுக்கு அடியில் அவரே தவழ்ந்து தேடினார். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நல்ல பாடம் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பச்சைப் பட்டனைப் பிரித்தால் ஓரம் முழுக்கப் பழுப்பாக என்னவோ இறுகிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"டீ. எப்பவோ சிந்தியிருக்குது. சக்கரை காஞ்சு பட்டனைப் புடிச்சுக்கிச்சு. அப்பப்ப அமுக்கியிருந்தா ஒட்டியிருக்காதுங்ணா."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பழுப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பட்டன் அமுங்கியது, விட்டால் எழும்பியது. பட்டனுக்கு அடியில் ரப்பரில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. அது கீழே தகட்டைத் தொட்டால்தான் வேலை நடக்கும் என்றாள். பச்சையின் பொட்டு முழுசாக இருந்தது. சிவப்பின் பொட்டு பாதி தேய்ந்து வெளுத்திருந்தது.

"அட, இதையும் ஒரு கை பாத்துருவோமுங்க. சமயத்துல ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருக்குது. எரிச்சலா வருது."

மஞ்சுளா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கரண்ட் கடத்தும் கரிப்பூச்சுக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பின் பொட்டில் பூசினார். பிசிறு இல்லாமல், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல வைத்தார். அன்றைக்கு அவர் பொறுமையாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

காய்ந்ததும் மாட்டினார். பேட்டரி ஒயரைப் பூட்டினார். சீட்டில் உட்கார்ந்து, 'பட்டன் சரியாயிருச்சு, கூப்பிடு' என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. போன் வரவில்லை.

ஸ்டீரிங்கின் மேல் கையை வைத்தபடியே, ஜன்னலோரம் நின்ற மஞ்சுளா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதுதானுங்க அவ. சொன்னது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. பட்டன் பட்டன்னு என் உசுரை வாங்கினா. கால் கடுக்க நாலு கடை ஏறி எறங்கி, மண்ணுல தவழ்ந்து சரி பண்ணியாச்சு. இப்பக் கூப்பிடறாளா பாருங்க. முப்பது வருசமா இதே ரோதனைதானுங்க. நான் சொல்றதை அவ ஒரு நாளாச்சும்..."

போன் அடித்தது.

"...ஒரு நாளாச்சும் முழுசாக் கேட்டிருப்பாளா? மாட்டா. எம் பேச்சுக்கு மட்டும்..."

சத்தம் நின்றுபோயிருந்தது.

மஞ்சுளா ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பனும் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் சிவப்பின் மேல் இருந்தது.

"யாருங்க அது?" என்றார்.

"வண்டித் திரையில கோகிலவாணின்னு வந்துச்சுங்ணா."

அதுதான் அவர் மனைவியின் பெயர்.

"ஒரே தடவைதான் அமுக்குனீங்க," என்றாள் மஞ்சுளா. "நீங்க பூசுனது நல்லா வேலை செய்யுது."

சென்னியப்பன் விரலை எடுத்தார். எடுத்த விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரையில் இருந்த பெயரும் அணைந்தது.

"மறுபடி கூப்பிட மாட்டாளுங்க," என்றார்.

"நீங்க கூப்பிடுங்க."

அவர் ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பதினாலு வருஷமாகப் பிடித்த ஸ்டீரிங்.

"கூப்பிடறதுக்கு எந்தப் பட்டனுங்க, டீச்சர்?"

"அதே பச்சைதானுங்ணா."