கருமாயி நறுக்கிய பேச்சு

பங்குனி மூன்றாம் நாள் உச்சிவேளையில் நெடுங்கரட்டுக் காடு தீப்பிடித்தது. செத்தவை இருபத்தாறு. அவற்றில் மூன்று, கருமாயி என்ற கரிச்சான் குருவியின் இறகு முளைக்காத குஞ்சுகள்.

தீயை முதலில் பார்த்தவை வரையாடுகள். உச்சிப் பாறையில் நின்ற தலைவன் செங்குத்தன் தொண்டை கிழியக் கத்தினான். பள்ளத்தில் மேய்ந்த காட்டெருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கிடாக்கள் ஏதோ சண்டை போடுகின்றன என்று நினைத்து மறுபடி புல்லைக் கடித்தன. மூங்கில் காட்டில் இருந்த யானைகளுக்கும் புகை வாடை தெரிந்தது. அவை மண் அதிர உறுமிவிட்டு நகர்ந்தன. அந்த உறுமல் யானைக்கு மட்டுமே புரியும்.

இரண்டு கூட்டங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சொல்லின. யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சாம்பல் ஆறியதும் கூட்டம் போட்டார்கள். சாவுக்குப் பிறகு போடும் கூட்டத்துக்கு எப்போதும் நல்ல வருகை இருக்கும். யானைத் தலைவி வேழாத்தா, இனி எல்லாரும் உறுமக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அவர்கள் குரல்தான் இரண்டு மலை தாண்டிப் போகுமாம். செங்குத்தன், உயரத்தில் இருப்பவன் பாஷைதான் எல்லாருக்கும் பாஷை என்றான். எருமைத் தலைவன் கடகன், தரையில் குளம்பால் தட்டினாலே போதும், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றான். பொழுது சாயும்வரை இதுதான் நடந்தது. செத்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கருமாயி அதுவரை பொறுத்திருந்ததே பெரிது. கரிச்சான் பருந்தையே கொத்தித் துரத்தும் சாதி.

"யாரும் யார் பாஷையையும் கத்துக்க வேணாம்," என்றாள். "ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கரிச்சானைத் தரேன். எந்தக் குரலைக் கேட்டாலும் பிடிச்சிக்கிற தொண்டை எங்களுக்கு இருக்கு. உங்க பேச்சை உங்க கரிச்சானுக்கு மட்டும் சொல்லிக் கொடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

ஏற்பாடு எளிமையானது. கரிச்சான்கள் தங்களுக்குள் ஒரே சீழ்க்கையில் பேசும். மரத்துக்கு மரம் செய்தி கைமாறும். கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் அவளுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். மறுபடி சொல்ல வேண்டும். ஒரு மரத்தில் ஆள் இல்லையென்றால் வேறு மரம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தார்கள். முதல் வாரமே சந்தி சிரித்தது.

வரையாடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைவனின் வம்சப் பெருமையைச் சொல்லாமல் எந்த எச்சரிக்கையும் தொடங்காது. யானைகள் வேறு மாதிரி. அவை பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கே வரக்கூடாது. அவையோ நாள் முழுக்கப் பேசின. எந்த மூங்கில் கசக்கிறது, யார் முதலில் குளித்தது, இதெல்லாம் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் செங்குத்தன் 'மேற்கே புலி' என்று சொல்லியனுப்பினான். வம்சம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. 'மேற்கே' போய்ச் சேர்ந்தது. அதற்குள் யானைகள் பேசத் தொடங்கிவிட்டன.

மறுநாள் கடகன் முதுகில் நகக் கீறலோடு வந்தான். "மேற்கேன்னீங்க, போனோம்," என்றான். "வம்சமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அங்க புலியும் இருந்துச்சு."

கருமாயி அன்றே புதுச் சட்டம் போட்டாள். யார் பேச்சானாலும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கப்படும். உன் துண்டு ஒன்று, அவன் துண்டு ஒன்று என்று மாறி மாறிப் போகும். கடைசி மரத்தில் இருப்பவள் ஒட்டவைத்துக் கொடுப்பாள். செங்குத்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வம்சத்தைக் கடைசியில் சொல்லிக்கொள், நேரம் இருக்கிறவன் கேட்பான் என்று கருமாயி சொல்லிவிட்டாள். குட்டிகளை நினைத்து அவன் இறங்கி வந்தான்.

வேழாத்தா இறங்கவில்லை.

"எங்க பேச்சையா நறுக்குவே? எருமை பேச்சும் எங்க பேச்சும் ஒண்ணா?"

"மரத்துல ஏறினா ஒண்ணுதான் ஆத்தா."

வேழாத்தா துதிக்கையை உயர்த்தி, தங்கள் கரிச்சான் உட்கார்ந்திருந்த கிளையை ஒடித்துக் கீழே போட்டாள். அன்றோடு யானைகள் விலகிக்கொண்டன. குருவிக்குப் பாடம் எடுப்பதும் நின்றது. மூங்கிலையும் குளியலையும் தாண்டி அது போயிருக்கவில்லை.

ஓராண்டு கழித்துச் சித்திரையில் கருமாயி பள்ளத்து மருத மரத்தில் மறுபடி கூடு கட்டினாள். இந்த முறையும் மூன்று குஞ்சுகள். கண் திறந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, தென்சரிவில் தீ கிளம்பியது.

செங்குத்தன் பார்த்தான். இந்த முறை வம்சம் இல்லை. சீழ்க்கை மரத்துக்கு மரம் இறங்கியது. நடு மரத்துக் கரிச்சான் வல்லூறுக்குப் பயந்து பறந்துவிட்டிருந்தாள். அவள் குரல் திரும்பி வராததால் மேல் மரத்துக்காரி ஓடைப் பக்கமாகச் செய்தியைத் திருப்பிவிட்டாள். துண்டுகள் முன்பின்னாக வந்து சேர்ந்தன. எருமைகளின் கரிச்சான் ஒட்டவைத்துச் சொன்னாள். தெற்கே தீ, காற்று பள்ளத்தை நோக்கி, காய்ந்த புல்லை மிதியுங்கள்.

கடகனின் கூட்டம் புல் இருந்த இடம் தெரியாமல் மிதித்தது. தீ மருத மரத்துக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. குஞ்சுகள் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன.

தீ மூங்கில் காட்டுப் பக்கம் திரும்பியது. கருமாயி அங்கேயும் ஒருத்தியை அனுப்பினாள். அவள் வேழாத்தாவின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிச் சீழ்க்கையடித்தாள். தீக்கு யானைப் பேச்சில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. வேழாத்தா காதை வீசி விரட்டினாள். புகை கண்ணில் பட்டபோது மூன்று பக்கமும் எரிந்தது. பெரியவர்கள் தப்பினார்கள். வேழாத்தாவின் பேரக்குட்டி தப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் மருத மரத்தடிக்கு வந்தாள். நெற்றியெல்லாம் சாம்பல்.

"பள்ளத்துக்குச் சொன்னே. எங்களுக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னோம்," என்றாள் கருமாயி. கோபம் ஓராண்டாக உள்ளேயே கிடந்து இறுகியிருந்தது. "உன் காதோரமா நின்னு கத்தினா. தீன்னு உன் பாஷையில சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியது. கிளையை ஒடிச்சவ நீ."

வேழாத்தா துதிக்கையைத் தாழ்த்தி, ஒரு கரிச்சான் வேண்டும் என்று கேட்டாள்.

"உங்க பேச்சையும் நறுக்குவேன்."

"நறுக்கு."

அந்த ஆண்டு வைகாசி நான்காம் நாள் காலையில் யானைக் கூட்டம் ஒரு கரிச்சானுக்குத் தன் பேச்சை மறுபடி கற்றுத்தரத் தொடங்கியது. முதல் சொல், தீ.

எல்லாரும் தன்னைப் போலவே பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவனுக்கு, ஆபத்து வரும்போது யார் சொல்வதும் புரியாது.