லேப்டாப்பில் அடிக்கடி காணாமல் போன கல்யாணம்

ஆலங்கோணத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று எவனும் நாக்கின்மேல் பல் போட்டுப் பேச முடியாது. நாலு பேர் மட்டும், இருப்பதைச் செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். நாலு பேருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த மங்கள ஒளி ஸ்டூடியோ.

முதலாளி தெய்வசிகாமணி எதையும் கையால் தொடமாட்டார், யோசிப்பார். ஏகாம்பரம் போட்டோ எடுப்பான். குழந்தைவேலு ஆல்பம் ஒட்டுவான். சாத்தப்பன் ஸ்டூடியோ வேனுக்கு டிரைவர்.

ரைஸ்மில் ரத்தினசபாபதியின் மகள் வான்மதி கல்யாணத்துக்கு இவர்கள்தான் போட்டோ. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. திங்கட்கிழமை வான்மதிக்கு விசா நேர்காணல். கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியாகப் போட்டோ காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மாப்பிள்ளை மட்டும் விமானம் ஏறுவார்; பெண் ரைஸ்மில்லில் தவிடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் ஏகாம்பரம் லேப்டாப்பைத் திறந்தான். அதற்குள் இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க்கில் லேப்டாப் ஓடுவதற்கான சமாச்சாரம். இரண்டாவதில் வான்மதி கல்யாணம், நாலாயிரம் போட்டோ. இரண்டாவது டிஸ்க் திரையில் வந்தது. பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. மறுபடி வந்தது. மாலை மாற்றும் போட்டோவை ஏகாம்பரம் திறந்தான். மாப்பிள்ளை கழுத்துவரை மாலை வந்தது, மறுபடி டிஸ்க்கைக் காணோம்.

ரத்தினசபாபதிக்குக் கோபம் வந்தால் தன் மீசையை முறுக்கமாட்டார். எதிரில் இருப்பவன் மீசையைப் பிடித்துவிடுவார். ஆகையால் தெய்வசிகாமணி முதல் வேலையாகக் கீழே போய், சலூனில் தன் மீசையை எடுத்துவிட்டு வந்தார். பிறகு யோசித்தார்.

"ஒரே வீட்டுல ரெண்டு டிஸ்க். ஓரகத்திங்க மாதிரி. மூத்தது ஏதோ சொல்லியிருக்கு, இளையது கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடுது."

"பொறந்த வீடு எதுங்கய்யா?" என்றான் குழந்தைவேலு.

டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியைத் தேடிப் பார்த்தார்கள். அதில் ஏதோ வெளிநாட்டின் பெயர் போட்டிருந்தது. அவ்வளவு தூரம் பத்து எண்ணுவதற்குள் போய்விட்டு வருகிறதே என்று நாலு பேரும் மெச்சிக்கொண்டார்கள். அப்புறம்தான் டவுனில் லேப்டாப் பழுதுபார்க்கும் பரிமளாவுக்கு போன் போட்டார்கள்.

"உள்ளே ஏதோ லூஸா இருக்குண்ணே," என்றாள் பரிமளா. "எதுன்னு பார்த்து டைட் பண்ணுங்க. சரியாயிடும்." வேறு ஆள் காத்திருந்ததால் வைத்துவிட்டாள்.

தெய்வசிகாமணி கதவைச் சாத்தினார். "நம்ம உள்ளே ஒரு லூசு இருக்காம். அந்தப் பொண்ணு டவுன்ல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சிருக்கு. யாருன்னு மறைக்காம சொல்லிடுங்க."

ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டெடுப்பு வைத்தார்கள். குழந்தைவேலுவுக்கு நாலு ஓட்டும் விழுந்தது. நாலாவது அவனே போட்டது. ஏதோ பதவி என்று நினைத்து எழுந்து நின்று, "என் மேல நம்பிக்கை வச்ச எல்லாருக்கும் நன்றி" என்றான். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, ஆல்பம் கட்டும் நாடாவால் மூச்சு முட்ட டைட் பண்ணினார்கள். டிஸ்க் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கண்ணே," என்றான் குழந்தைவேலு, பதவியின் பொறுப்பை உணர்ந்தவனாக.

மதியம் மறுபடி போன்.

"டைட் பண்ணியாச்சும்மா. ஆள் நீலம் பாரிச்சுட்டான். டிஸ்க்தான் வரலை."

பரிமளா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "அப்ப டிரைவர் பழசா இருக்கும். பழைய டிரைவரைத் தூக்கிட்டுப் புதுசு போடுங்கண்ணே."

டிஸ்க்கை இயக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்பது தெய்வசிகாமணிக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுச் சாத்தப்பனைப் பார்த்தார். பதினாலு வருஷப் பழக்கம்.

"மேலிடத்து உத்தரவு சாத்தப்பா. என் கையில ஒண்ணும் இல்லை."

சாத்தப்பன் வேன் சாவியைக் கண்ணில் ஒற்றி மேசைமேல் வைத்தான். பிரிவு உபசார விழாவை அப்போதே நடத்தினார்கள். சால்வை போட்டார்கள். கட்டவிழ்க்கப்பட்ட குழந்தைவேலு வாழ்த்துரை வழங்கினான். விழா முடிந்ததும் தலையாய பிரச்சினை எழுந்தது: புது டிரைவரைக் கூட்டிவர யாராவது வேன் ஓட்ட வேண்டும்.

"எனக்கு ஓட்டத் தெரியும்," என்றான் சாத்தப்பன், படியில் உட்கார்ந்தபடி.

"அனுபவம் உண்டா?" என்றார் தெய்வசிகாமணி.

"பதினாலு வருஷம்."

"இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே? ஏன் நின்னே?"

"மங்கள ஒளி ஸ்டூடியோ. காரணம் சொல்லாம நிறுத்திட்டாங்க."

"அப்படியும் ஒரு முதலாளியா!" என்று தெய்வசிகாமணி உச்சுக் கொட்டினார். அவனையே புது டிரைவராகப் போட்டு, புதுசு என்று தெரியவேண்டும் என்பதற்காகச் சட்டையை மட்டும் மாற்றச் சொன்னார். டிஸ்க் அந்த நியமனத்தையும் ஏற்கவில்லை.

வியாழக்கிழமை பரிமளா யோசித்துச் சொன்னாள்: "கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு லேப்டாப்பே அதைத் தூங்க வச்சுடுதோ என்னவோ. டிஸ்க்கைத் தூங்க விடாதீங்க."

இது அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது. சாத்தப்பன் புதுச் சட்டையோடு போய், வான்மதி கல்யாணத்தில் வாசித்த தவில்காரர் நாகலிங்கத்தையே ஏற்றிவந்தான். தெரிந்த சத்தம் கேட்டால் சீக்கிரம் விழிக்கும் என்பது ஏகாம்பரத்தின் கணக்கு. லேப்டாப் இருந்த மேசைமேலேயே தவிலின் ஒரு பக்கத்தைச் சாய்த்து நாகலிங்கம் ஓர் அடி அடித்தார்.

டிஸ்க் வந்தது!

அடுத்த அடியில் போனது. அதற்கடுத்த அடியில் வந்தது.

"முழிப்பு வந்துடுச்சு! கெட்டி மேளம்!" என்று தெய்வசிகாமணி கத்தினார். நாகலிங்கம் வெளுத்து வாங்கினார். திரையில் வான்மதி வந்தாள், போனாள், வந்தாள். மேசை அதிர்ந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் முகூர்த்தம் என்று நினைத்து, நாலைந்து பேர் அரிசியைத் தேடினார்கள். தெய்வசிகாமணி போனைத் தவிலுக்குப் பக்கத்தில் நீட்டி, "அம்மா பரிமளா, தாளத்துக்கு வருதும்மா! ஆனா அடியை நிறுத்தினா நின்னுடுது. திங்கட்கிழமை வரைக்கும் இவரு கை தாங்குமா?" என்றார்.

"யாரும் எதையும் தொடாதீங்க. நானே வர்றேன்," என்றாள் பரிமளா.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்தாள், அடிமூடியைக் கழற்றினாள். இரண்டாவது டிஸ்க்கைப் பிடித்து வைக்கவேண்டிய திருகாணி அங்கே இல்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்து முடுக்கினாள். மொத்தம் நாலு நிமிஷம். டிஸ்க் வந்தது, போகவே இல்லை. நாலாயிரம் போட்டோவும் நலமாக இருந்தன. தெய்வசிகாமணி இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு அழுதுவிட்டார்.

"அழாதீங்கண்ணே. ஆனா ஒண்ணு. டிஸ்க் அடி வாங்கியிருக்கு, நம்ப முடியாது. இன்னைக்கே இதை ரெண்டு காப்பி எடுத்துடுங்க. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும், ஒண்ணைப் பொண்ணு வீட்டுல கொடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு, திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

குழந்தைவேலு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினான்.

"அட மடையா, நில்லு!" என்றார் தெய்வசிகாமணி. "குடிக்கிற காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தா விசா கிடைக்குமா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாம்? காப்பி எடுக்கிறதுன்னா ஜெராக்ஸ்."

முதலாளியின் கூர்மையை எண்ணி மூவரும் தலைகுனிந்தார்கள். திருகாணியைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு ஜோடி ஜெராக்ஸ் எடுத்தார்கள். அரசாங்கக் காரியமாயிற்றே என்று பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரிடம் நீட்டினார்கள். அவர் வழக்கம்போல் என்னவென்று பார்க்காமல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு ஜோடியை உறையில் போட்டு ஒட்டி ரத்தினசபாபதியிடம் சேர்த்தார்கள். பச்சைக் கையெழுத்துப் போட்ட காகிதம் என்று கேள்விப்பட்டதும், மனிதர் உறையைப் பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை நேர்காணலில் வான்மதி உறையை நீட்டினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி பிரித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், ஒரு சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'கறுப்பு வெள்ளைப் படம் ஏற்கப்படாது. வண்ணப் படம் கொண்டுவரவும்.'

செய்தி வந்ததும் அதே டிஸ்க்கைக் கடையில் கலர் ஜெராக்ஸ் எடுத்தார்கள். சாத்தப்பன் ஒரே மிதியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். செவ்வாய்க்கிழமை விசா கிடைத்துவிட்டது.

தெய்வசிகாமணி அன்று முழுவதும் யோசித்தார். நாலாயிரம் போட்டோ எடுத்து என்ன பலன்? காரியத்தை முடித்தது ஒரே ஒரு ஜெராக்ஸ்தானே?

அடுத்த முகூர்த்தத்துக்கு மங்கள ஒளி வேனில் கேமரா ஏறவில்லை. ஜெராக்ஸ் மிஷின்தான் ஏறியது. தாலி கட்டி முடிந்ததும் மணமக்களைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, கன்னத்தோடு கன்னம் சேர்த்துக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் படுக்கவைத்து, மாலை நசுங்காமல் மூடியை மெல்ல இறக்கினான் ஏகாம்பரம்.

"ரெண்டு பேரும் நல்லா சிரிங்க," என்றார் தெய்வசிகாமணி. "முடிஞ்சதும் திருப்பிப் போடணும். பின்பக்கம் ஒண்ணு எடுக்கலைன்னா செல்லாது."